காற்று பலத்த ஞாயிற்றுக்கிழமை

நம் வயதுப் பெண்கள் நான்கு பேர் ஒரு கல்யாண மண்டபத்தில் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் சடங்குப் படத்தில் வந்து நிற்கும். எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஸ்டூடியோக்காரர் கட்டிவிட்ட நீலத் திரை, கழுத்தைச் சாய்க்கும் பூ ஜடை, அம்மாவின் நகை, கையில் பிளாஸ்டிக் பூச்செண்டு. நீங்கள் எல்லாரும் வெட்கப்பட்டுக் குனிந்திருப்பீர்கள். நான் மட்டும் கேமராவை முறைத்துக்கொண்டிருப்பேன். "கொழுப்பப் பாரு இவளுக்கு" என்று எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்திருக்கிறேன்.

அது கொழுப்பு இல்லை. அந்தப் படம் எடுத்த அன்று நான் வயதுக்கே வந்திருக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். இப்போது அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாருடைய மானத்தைக் காப்பாற்ற நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

கதை ஒரு படகில் தொடங்குகிறது. சிரிக்காதீர்கள். ஈப்போ சிலிபினில் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் ஆட்டோமேட்டிக் காரை உருட்டிக்கொண்டு போகிற இந்தக் கிழவிக்கு ஒரு காலத்தில் பாய்மரப் படகு ஓட்டத் தெரியும்.

அப்பா ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தாத்தா பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டியவர். அப்பா எப்படியோ அடித்துப் பிடித்து அரசாங்க வேலைக்குப் போய், லுமுட்டில் அதிகாரிகளை ஏற்றிச் செல்லும் மோட்டார் படகை ஓட்டினார். தோட்டத்தில் ரப்பரை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை போட்டபோது, கடைசி வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு தன் ஊருக்குப் போனார். அவர் லீவு நாட்களில் லுமுட்டில் ஓட்டிய சின்னப் பாய்மரப் படகு, தோட்டத்துப் புகைக்கூடத்தில் குப்புறக் கிடந்தது. விறகுக்கு உடைக்கச் சொல்லித் தோட்டத்து ஆபீஸ் கிராணி உத்தரவு போட்டிருந்தாராம். அப்பா கேட்டு வாங்கி, தோட்டத்து லாரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டு பேர் ஏறக்கூடிய மரப் படகு அது. புகைக்கூடத்தில் கிடந்ததால் ரப்பர் ஷீட் வாசனை அதன் பலகைக்குள் ஏறிப்போயிருந்தது. அப்பா எத்தனை முறை தேய்த்து வார்னிஷ் அடித்தும், வெயில் ஏறினால் அந்தப் புகை நாற்றம் கிளம்பிவிடும். எனக்கு அது பிடிக்கும். அம்மாவுக்கு அந்தப் படகைக் கண்டாலே ஆகாது.

"வீட்டு கூரையில ஒழுகுது, அத அடைக்க ஆளில்ல. தொர வுட்டுட்டுப் போன போட்டுக்கு ஓட்ட அடைச்சிக்கிட்டு இருக்காரு" என்பார், அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி. அப்பாவுக்குக் கேட்காது. வீட்டில் அப்பாவுக்கு எதுவுமே கேட்காது. சாப்பிடுவார், பேப்பர் பார்ப்பார், தூங்குவார்.

படகின் பாயைத் தைத்துக் கொடுத்தது அத்தை. அப்பாவின் தங்கை. லுமுட்டில் மாமாவுக்குக் கிடைத்த அரசாங்க வீட்டில் இருந்தார்கள். கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கிழிந்த பாயை வீட்டு ஹால் முழுக்க விரித்துப் போட்டு, தையல் மெஷினை மிதித்து மிதித்து, "ஏன் அண்ணே, இந்தத் துணியில எங்க தெருவுக்கே சட்ட தச்சிப் போட்டுடலாம் போல இருக்கே" என்று சிரித்துக்கொண்டே ஒட்டுப் போட்டார். அத்தை எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பவர். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு நான் அவரைப் பற்றி என்னென்னவோ நினைக்கப் போகிறேன்.

முதலில் அப்பாவுடன் படகில் போனது நான் இல்லை, அத்தை மகன். பதினேழு வயது. ஒரே உட்காரலில் எட்டு ரொட்டி சானாய் தின்பான். நல்ல மனசு, நல்ல எடை. அந்தப் படகில் ஒருவர் பின்னால் உட்கார்ந்து சுக்கானையும் பெரிய பாயையும் பிடிக்க வேண்டும். இன்னொருவர் முன்னால் இருந்து சின்னப் பாயை இழுத்துப் பிடிக்க வேண்டும், படகு சாயும்போது எதிர்ப்பக்கம் உடம்பை வெளியே நீட்டித் தொங்கி அதை நிமிர்த்த வேண்டும். எங்கள் கடற்கரையில் பெரும்பாலும் இளங்காற்றுதான். அத்தை மகன் ஏறினால் படகு தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். லுமுட் படகுக் கிளப்பில் சனிக்கிழமை தோறும் நடக்கும் சின்னப் பந்தயங்களில் எங்கள் படகு கடைசியாக வரும். சில நாள், மற்றவர்கள் டீ குடித்து முடித்த பிறகு வரும்.

ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல். கரையில் மணலைக் கிளறிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அப்பா, "ஏறு, சும்மா ஒரு ரவுண்டு போலாம்" என்றார். எனக்குப் பதினொன்று. எலும்பும் தோலுமாக இருப்பேன். நான் ஏறியதும் அந்தப் படகு துள்ளிக்கொண்டு கிளம்பியதை என் உடம்பு இன்னும் மறக்கவில்லை. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கரைக்கு வந்ததும் கிளப்பில் இருந்தவர்களிடம் என் தலையில் கை வைத்து, "இனிமே இவதான் என் ஆளு" என்று சொன்னார்.

அந்த ஆகஸ்ட் பள்ளி விடுமுறை முழுக்க நாங்கள் கடலில்தான் கிடந்தோம். நானும் அம்மாவும் ஆயர் தாவார் வீட்டைப் பூட்டிவிட்டு அத்தை வீட்டுக்கே வந்து தங்கிவிட்டோம். அப்பா வேலை முடிந்து வந்ததும் என்னைக் கூப்பிடுவார். கயிறு இழுத்து இழுத்து என் உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போனது. தண்ணீரின் மேல் கருப்பாகத் திட்டுத் திட்டாய் ஓடி வருவதுதான் காற்று என்று அப்பா காட்டிக் கொடுத்தார். பிறகு அவருக்கு முன்னால் நானே பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

"எங்கேருந்து வருது?" என்பார்.

"இடது பக்கம்ப்பா. அந்த மீன் பிடிக்கிற கேலோங் மேடை தாண்டி."

"பலமா?"

"கொஞ்சம்தான். இப்ப வந்துரும்."

வரும். நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன மாதிரியே வரும். அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுக்கானைத் திருப்புவார். நடுவில் காற்று நின்றுவிட்டால் படகிலேயே உட்கார்ந்து, இலையில் கட்டிய நாசி லெமாக்கைப் பிரித்துத் தின்போம். பாட்டிலில் ஊற்றிக் கட்டிக்கொண்டு வந்த கோப்பி ஓ சூடாறிப் போயிருக்கும். அப்போது பேசுவார். தோட்டத்தைப் பற்றி, ஆற்றில் நீந்தக் கற்றதைப் பற்றி, மோட்டார் படகில் ஏறி வாந்தி எடுத்த பெரிய அதிகாரிகளைப் பற்றி. வீட்டில் அம்மாவிடம் ஒரு வருடத்தில் பேசாத பேச்சை என்னிடம் ஒரு சாயங்காலத்தில் பேசிவிடுவார். எனக்குப் பெருமை தலைக்கு ஏறிவிட்டது. அண்ணன் தம்பி இல்லாத வீட்டில் நான்தான் அப்பாவின் ஆள்.

விடுமுறை முடியும் தறுவாயில் ரெகாத்தா என்கிற பெரிய படகுப் பந்தயம் வந்தது. வருடத்துக்கு ஒரு சனி ஞாயிறு. வெள்ளிக்கிழமையே பினாங்கிலிருந்தும் கிள்ளான் துறைமுகத்திலிருந்தும் பெரிய பெரிய யாட்டுகள் வந்து நங்கூரம் போட்டன. அவற்றின் கம்பிகள் காற்றில் பாய்மரத்தில் தட்டித் தட்டி டிங் டிங் என்று இரவெல்லாம் சத்தம் போடும். கரையில் கூடாரம், ஒலிபெருக்கியில் மலாய்ப் பாட்டு, சாத்தே இறைச்சி சுடும் புகை. எதிர்க்கரையில் நெத்திலி காயப்போட்ட வாடை வேறு. பெரிய யாட்டுகள் பங்கோர் தீவைச் சுற்றிக்கொண்டு வரும். எங்களைப் போன்ற சின்னப் படகுகளுக்குக் கரையோரம் மிதவை போட்டு அதைச் சுற்றிப் பந்தயம். சனிக்கிழமை இரண்டு ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை ஒன்று. மூன்றையும் சேர்த்துப் பார்த்து முதலில் நிற்கிற படகுக்குக் கோப்பை.

சனிக்கிழமை காற்று இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி ஒரு காற்று. எனக்காகவே செய்தது. முதல் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தோம். அடுத்ததில் முதல்! பினாங்கிலிருந்து வந்திருந்த சீன அண்ணன் தம்பி இருவர், புத்தம்புது படகு, வெள்ளை வெளேரென்ற பாய். நாங்கள் அத்தை ஒட்டுப் போட்ட பாயோடு அவர்களைத் தாண்டிப் போனபோது அவர்களில் பெரியவன் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான். கரையில் அத்தை முந்தானையை எடுத்துச் சுற்றிச் சுற்றி ஆட்டிக்கொண்டிருந்தார். அன்று மாலை நாங்கள்தான் முன்னணியில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்திலும் முதலாக வந்தால் கோப்பை எங்களுக்கு.

அந்த இரண்டாவது ஓட்டத்தில், மிதவையைச் சுற்றும்போது நான் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் சறுக்கிக்கொண்டு பாய்ந்தேன். பலகை ஓரத்தில் அப்பா அடித்திருந்த ஆணியின் தலை கொஞ்சம் எழும்பி நின்றிருக்கிறது. காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு, தொடையின் பின்பக்கம், நன்றாக மேலே, கீறிவிட்டது. அப்போது தெரியவில்லை. கரைக்கு வந்த பிறகுதான் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது.

படகுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் அப்பாதான் மருந்து போட்டார். அந்தக் காலத்து மஞ்சள் மருந்து, உபாட் கூனிங், எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்குமே, அதுதான். பஞ்சில் நனைத்து அழுத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அம்மாகிட்ட சொல்லாத. தெரிஞ்சா நாளைக்கு உன்ன விடமாட்டாங்க."

"சொல்லமாட்டேன்ப்பா."

"ஒன்ன நம்பித்தான் இருக்கேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. கிழிந்த காற்சட்டையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பாவாடையை மாட்டிக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்தேன். அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினோம்.

விடியும் முன்னால் சுமத்ரா காற்று வந்தது. உங்களில் கடலோரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். சுமத்ரா பக்கமிருந்து மழையோடு அடித்துக்கொண்டு வந்து, ஜன்னலை எல்லாம் படார் படாரென்று சாத்திவிட்டுப் போகும். அன்று மழை நின்ற பிறகும் காற்று நிற்கவில்லை. நான் படுக்கைப் பாயில் புரண்டுகொண்டிருந்திருக்கிறேன். காயம் திறந்துகொண்டது.

என்னை எழுப்ப வந்தது அத்தை. போர்வையை இழுத்தவர் அப்படியே நின்றார். பாவாடை, பாய் எல்லாம் ரத்தம். பிறகு அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணி! அண்ணி! நம்ம புள்ள பெரிய மனுஷியாயிட்டா லா!"

அம்மா சமையலறையிலிருந்து ஓடி வருகிற சத்தம் கேட்டது. அத்தை கதவை மறித்துக்கொண்டார். "உள்ள வராதீங்க அண்ணி. பெத்தவ மொதல்ல பாக்கக் கூடாது. நான் பாத்துக்கிறேன், நீங்க மஞ்சள அரைங்க." அம்மா வெளியிலிருந்தே அழ ஆரம்பித்தார், சந்தோஷத்தில்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காயம் தெரிந்துவிட்டது, அம்மாவிடம் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து வாயை இறுக மூடிக்கொண்டேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு. அத்தை என்னைக் குளியலறைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்து, குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். ஊற்றி முடிக்கிற நேரத்தில்தான் இது வேறு விவகாரம் என்று எனக்கு உறைத்தது.

"அத்த, இது காயம் அத்த. நேத்து போட்டுல ஆணி கீச்சிருச்சி."

அத்தை திருப்பிப் பார்த்தார். ஒரு சிவப்புக் கோடு. தண்ணீரில் கழுவிய பிறகு அதுவும் வெளுத்திருந்தது.

"இந்தக் கீறலுக்கா இவ்வளவு ரத்தம்?"

"மருந்து போட்டிருக்கு பாருங்க. மஞ்ச மருந்து."

"மேலெல்லாம் மஞ்சளாத்தான்டி இருக்கு" என்று சிரித்தார். "எல்லாப் பொண்ணும் மொதல்ல இப்படித்தான் எதையாச்சும் சொல்லி மறைக்கும். நானும்தான் விழுந்துட்டேன்னு சொன்னேன்."

"அப்பாவுக்குத் தெரியும்! அப்பாவக் கேளுங்க!"

அத்தையை நான் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டார். ஆண்களிடம் இதைப் பற்றி வாய் திறக்காத காலம் அது. இருந்தும் என் கத்தலுக்காகக் கதவைக் கொஞ்சம் திறந்து, பின்வாசலில் நின்றிருந்த அப்பாவிடம் கேட்டார்.

"அண்ணே, நேத்து போட்டுல புள்ளைக்கு எங்கியாச்சும் அடி பட்டிச்சா?"

கதவு இடுக்கில் எனக்கு அப்பா தெரிந்தார். கையில் கான்வாஸ் ஷூவை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னை மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மட்டை எல்லாம் ஒரே பக்கமாய்ப் படிந்து பறந்துகொண்டிருந்தது.

"அப்படி ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார்.

"அப்பா!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. "பொம்பளைங்க விஷயம், நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, முன் ஹாலுக்குப் போய் அத்தை மகனைத் தட்டி எழுப்பினார். "டேய், எந்திரி. லைஃப் ஜாக்கெட்ட எடு. நேரமாச்சி, போலாம்."

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பிள்ளைக்குப் பிள்ளை பார்த்த பிறகும், அரிசி களையும்போது, பஸ்ஸில் போகும்போது, திடீரென்று அந்தக் குரல் வரும். அப்படி ஒண்ணும் தெரியலையேம்மா. தன் கையால் மருந்து போட்ட மனுஷன். ஒன்ன நம்பித்தான் இருக்கேன் என்று என்னிடம் சொன்ன மனுஷன்.

என்னைப் பின்னறையில் உட்கார வைத்தார்கள். வெளியே வரக் கூடாது, ஆண்கள் கண்ணில் படக் கூடாது. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். நான் வாந்தி எடுத்தேன். அதற்கும் அத்தை ஒரு காரணம் வைத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கி நன்றாகக் கேட்டது. பந்தயம் தொடங்கும் வெடிச் சத்தம் கேட்டது. இப்போது முதல் மிதவைக்குப் போயிருப்பார்கள், இப்போது திரும்பியிருப்பார்கள், இப்போது நான் சின்னப் பாயை விட்டு இழுத்திருக்க வேண்டும் என்று என் கைகள் தாமாக மடங்கி மடங்கி விரிந்தன. கடைசியில் மலாயில் அறிவித்தார்கள். முதல் இடம். அப்பாவின் பெயர். அதற்குப் பிறகு அத்தை மகனின் பெயர்.

மத்தியானம் அப்பா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரக் கூடாதல்லவா, அதனால் கோப்பையை மட்டும் தூக்கிக் காட்டினார். "பாத்தியா, ஜெயிச்சிட்டோம்!" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

ஆயர் தாவாரில் கோயில் மண்டபத்தில் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டு வந்தார். தோட்டத்துச் சொந்தம் எல்லாம் லாரி பிடித்து வந்தது. ஆட்டுக் கறிச் சாப்பாடு. யாரோ ஒரு புத்திசாலி, சீர்த் தட்டுகளுக்கு நடுவில் அந்தக் கோப்பையையும் கொண்டுவந்து வைத்துவிட்டார். வந்தவர்கள் எல்லாம் "ஒரே நாள்ல ரெண்டு நல்ல காரியம், குடுத்து வச்சவரு லா" என்று அப்பாவின் கையைக் குலுக்கினார்கள். அப்பா சிரித்துக்கொண்டே குலுக்கினார். அத்தை மகன் புதுச் சட்டையில் பந்தயக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது எடுத்த படம்தான் நீங்கள் பார்த்துச் சிரிப்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு போயிருந்தால் நான் மறந்திருப்பேன். சடங்கு முடிந்த வாரம், சனிக்கிழமை, தைத்து வைத்த காற்சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பாவின் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா வாசலுக்கு வந்தார்.

"எங்கடி கெளம்பிட்ட? வயசுக்கு வந்த புள்ள, கால காட்டிக்கிட்டு கடலுக்குப் போவியா? ஊரு என்னா சொல்லும்? உள்ள போ."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சாவியைப் பார்த்தார், பெட்ரோல் மூடியைப் பார்த்தார், மிதித்து ஸ்டார்ட் செய்தார், போனார். லுமுட்டில் அத்தை மகன் அவருக்காகக் காத்திருப்பான். அதற்குப் பிறகு நான் அந்தப் படகில் ஏறவே இல்லை. எந்தப் படகிலும் ஏறவில்லை. நான் ஓட்டிய சைக்கிள் போனது, காற்சட்டை போனது, சாயங்காலங்களில் அந்தப் பேச்சு போனது. வீட்டில் அப்பா பழையபடி பேப்பர் பார்த்தார். சில வருடங்களில் படகும் உளுத்துப்போய், யாரோ எரித்துவிட்டார்களாம்.

நிஜமாகவே நான் வயதுக்கு வந்தது ஒரு வருடத்துக்கும் மேலாகி, இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "மாசா மாசம் வராம இப்பத்தான் வருதா?" என்று கேட்டார். "மொத தடவையே இப்பத்தாம்மா" என்றேன். அம்மா குளியலறைத் தொட்டி விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்படின்னா அன்னிக்கு?"

"அன்னிக்கே சொன்னேன்லம்மா. காயம்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருகிட்டயும் சொல்லாத ஆயி. மாமா சீரு செஞ்சி, ஊரக் கூட்டிச் சோறு போட்டாச்சி. தெரிஞ்சா சிரிச்சிப்புடுவாங்க" என்றார். அன்று உளுந்தங்களி கிண்டி, தனக்கு இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டு, வேறு யாருக்கும் தெரியாமல் என் தட்டில் வைத்தார். சாயங்காலம் சமையலறையில் அம்மாவின் குரல் கேட்டது. "புள்ள சொன்னிச்சி. உங்க தங்கச்சி கேட்டாங்க. உங்க வாயிலருந்து ஒரு வார்த்த வர்ல." அப்பா எழுந்து போய் மோட்டார் சைக்கிளைக் கழுவினார். அதற்குப் பிறகு பல நாள் அம்மா அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் போவார்.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார்? நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். காயத்தை மறைக்கச் சொன்னது அவர். ஒப்புக்கொண்டால் அம்மாவின் வாயில் விழ வேண்டும். பயந்துவிட்டார், பாவம். கோழை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வேன். கோழையை மன்னித்துவிடலாம். கோபத்தை எல்லாம் அத்தை மேல் வைத்தேன். தன் மகனைப் படகில் ஏற்றத்தான் இவ்வளவு அவசரமாக மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள் என்று எனக்குள் ஒரு வழக்கு நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டேன். என் கல்யாணத்தில் அவர் பூ வைக்க வந்தபோது தலையைத் திருப்பிக்கொண்டேன். அத்தை அதற்கும் சிரித்தார். ஏன் என்று தெரியாமலே செத்தும் போனார்.

அம்மா போன பிறகு அப்பா என்னோடு சிலிபினில் வந்து இருந்தார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை மகன் வந்தான். அவனுக்கும் இப்போது சர்க்கரை, முட்டிவலி, கால் நீட்டி உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். டீயும் பிஸ்கட்டும் கொண்டுபோனேன். ஈப்போவில் அன்று நல்ல காற்று, திரைச்சீலை ஹாலுக்குள் பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து அவன்தான் ஆரம்பித்தான்.

"மாமா, நம்ம ரெகாத்தா அன்னிக்கு அடிச்ச காத்து ஞாபகம் இருக்கா?"

அப்பாவுக்கு நேற்றுச் சாப்பிட்டது நினைவிருக்காது. இது இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"மறக்குமா? என்னா காத்துடா அது. விடியக்காலையே தென்ன மரத்தப் பாத்து முடிவு பண்ணிட்டேன், இன்னிக்கு நீதான்னு. இவள வச்சிக்கிட்டுப் போயிருந்தா மொத மிதவையிலயே கவுந்திருப்போம். பாரம் பத்தாது." டீயை உறிஞ்சினார். "எப்படி இவளக் கரையில எறக்குறதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். நல்ல வேள, உங்கம்மா வந்து ஒரு வழி பண்ணிட்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தை மகன் சிரிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். அவனுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். பயந்து போய்ச் சொன்ன பொய் இல்லை அது. காற்றைப் பார்த்து, கணக்குப் போட்டு, தேவையில்லாத மூட்டையைக் கரையில் இறக்குகிற மாதிரி என்னை இறக்கியிருக்கிறார். இத்தனை வருடம் நான் ஒரு நல்ல மனுஷியை வெறுத்துக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லப்பா? காத்து அதிகம், இன்னிக்கு நீ வேணாம்னு?"

அவர் என்னை அப்போதுதான் பார்த்தார்.

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா எனக்குக் கையி ஓடாது. ஒரு நாளுதானேன்னு விட்டுட்டேன்."

"அழுதிருப்பேன்தான்" என்றேன். "அழுது முடிச்சிட்டு, கரையில நின்னு உங்களுக்குக் கை தட்டியிருப்பேன். அடுத்த சனிக்கிழம வந்து போட்டுல ஏறியிருப்பேன்ப்பா."

டீயில் நனைத்த பிஸ்கட் அப்பாவின் விரலிலேயே நின்றது, ஊறி உடைந்து வேட்டியில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை. எனக்கு அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று இருந்திருக்கும் என்பது இந்த ஐம்பது வருடத்தில் அவருக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை என்று, அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்துவிட்டது.